சுத்தம் செய்த கச்சேரி

கூடத்து வாசலில் ஒரு பெண் குனிந்து தன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த அந்த நிமிடத்திலிருந்துதான் இதைச் சொல்ல வேண்டும். காக்கிச் சீருடை, தோளில் நட்சத்திரங்கள், கக்கத்தில் இடுக்கிய தொப்பி. உள்ளே ஒலிபெருக்கியில் தோடி ஆலாபனை போய்க்கொண்டிருந்தது. கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்த எங்கள் ரசிகர் வட்டத்தினர் ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். திறந்த கண்ணை யாரும் மறுபடி மூடவில்லை. சத்தம் அதிகமென்று தெருவில் யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று மேனேஜர் என் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார். வீட்டுக்காரரான முதலாளியின் முகத்தில் அவருடைய கம்பெனியின் பாவங்கள் அத்தனையும் ஒரு சுற்று வந்துபோயின. அந்தப் பெண் அதற்கு முன் பல ஞாயிற்றுக்கிழமைகள் நூல்சேலை கட்டிக்கொண்டு அதே வாசலில் வந்து நின்றவர். கமகத்தில் மயிரிழை பிசகினால் கண்டுபிடித்துவிடுகிற கூட்டம் எங்களுடையது. ஆளை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

முதலாளி என்று நான் சொல்வது பேண்டேஜ் துணி நெய்து ஊரெல்லாம் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிற ஒரு மனிதரை. ராஜபாளையத்தில் பெரிய வீடு. அந்த வீட்டில் பிள்ளைகள் படித்து வளர்ந்த அறையில் மின்விசிறி ஓடியது. கேசட்டுகள் இருந்த அறையில் ஏசி ஓடியது. அந்த அறைக்கு ஒரு பூட்டு, அந்தப் பூட்டின் சாவி அவருடைய அரைஞாணில். கல்யாணக் கச்சேரிகள், கோவில் கச்சேரிகள், யாரோ யாருடைய வீட்டிலோ சாவகாசமாகப் பாடியது என்று வெளியில் எங்கும் கிடைக்காதவை எல்லாம் அவரிடம் இருந்தன. கிடைக்காது என்பதுதான் அவருக்குச் சங்கீதம். ஒரு பாட்டு கடையில் கிடைக்கத் தொடங்கிவிட்டால் அதை அவர் அதன் பிறகு கேட்டதே இல்லை. ‘அது இப்ப பஸ் ஸ்டாண்டுல கூட விக்கிது டீச்சர்’ என்பார், ஏதோ அந்தப் பாடகர் குடித்துவிட்டுத் தெருவில் கிடந்ததைச் சொல்வது போல.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்கள் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். ஞாயிறு காலை பஸ் ஏறி அங்கே போவேன். வட்டத்தில் இருந்த ஒரே பெண் நான்தான் என்பதால் எனக்குச் சமையலறைக் கதவோரம் ஒரு நாற்காலி ஒதுக்கியிருந்தார்கள். காப்பித் தட்டு வரும்போது நான்தான் எழுந்து வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே ஏற்பட்ட ஏற்பாடு. ஊரிலிருந்து பால்கோவா வாங்கிப் போவதும் என் பொறுப்பு. அதையும் அவர்கள் சும்மா தின்றதில்லை. இந்த வாரம் சர்க்கரை தூக்கல், போன வாரம் பதம் முந்திவிட்டது என்று விமரிசனம் எழுதுகிற மாதிரி பேசிக்கொண்டே டப்பாவைக் காலி செய்வார்கள். பிறகு ஏன் போனாய் என்று கேட்கலாம். அங்கே ஒலித்த சங்கீதம் நன்றாக இருந்தது. அது வேறெங்கும் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் காரணம். நல்ல பண்டம் மோசமான கடையில் இருந்தால் அந்தக் கடைக்குத்தானே போக வேண்டியிருக்கிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே ஒரு தேர்வு உண்டு. முதலாளி ஏதோ ஒன்றை நடுவிலிருந்து ஓடவிட்டு, ‘சொல்லுங்க பார்ப்போம்’ என்பார். ராகம் சொல்லத் தெரியாதவருக்குக் காப்பி மட்டும்தான். தேறியவர்களுக்கும் சும்மா எதுவும் கிடைத்துவிடாது; அவரிடம் இல்லாத ஒன்றைக் கொடுத்தால்தான் அவரிடம் இருக்கிற ஒன்று கிடைக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிகரெட் அட்டையை மாற்றிக்கொள்வார்களே, அதே வியாபாரம்தான். அந்த வயதில் அது அழகாக இருக்கும். நரைத்த பிறகு, விபூதி பூசிக்கொண்டு, சங்கீத சேவை என்று பேர் வைத்துக்கொண்டு செய்தால் பார்க்கச் சகிக்காது. அந்த வீட்டில் காது கேளாத வெள்ளை நாய் ஒன்று இருந்தது. ராஜபாளையம் சாதி. அதனிடம் மட்டும் முதலாளி தன் வீட்டு மொழியான தெலுங்கில் கொஞ்சிப் பேசுவார். அதற்குத்தான் ஒன்றும் கேட்காது. கச்சேரி ஓடும்போது கூடத்து நடுவில் மூக்கைத் தரையில் வைத்து அசையாமல் படுத்திருக்கும். சங்கீதத்துக்கு இடைஞ்சல் செய்யாமல் அந்தக் கூடத்தில் இருந்த ஒரே சீவன் அதுதான்.

மற்றவர்களால் சும்மா இருக்க முடியாது. பாட்டு ஓடும்போதே அடுத்து என்ன வரப்போகிறது என்பதைக் கையை உயர்த்தி முன்கூட்டி அறிவிப்பார்கள். இதில் மேனேஜர் மன்னன். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பாடகர் மேல் ஷட்ஜத்தைத் தொடுவதற்கு ஒரு விநாடி முன்னால் இவர் விரல் மேலே போய்விடும், பாடகரை இவர்தான் அங்கே ஏற்றிவிட்டது போல. முதலாளி எதைச் சொன்னாலும் அவருக்கு அது வேதம். முதலாளிக்கு இருமல் வந்தால்கூட அது என்ன சுருதியில் வந்தது என்று மேனேஜர் யோசித்திருப்பார்.

அந்த ‘பலே’ விவகாரத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்த ஆட்களைப் பற்றி நான் மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றும். முதலாளி ஒருவருக்குப் பிரதி கொடுத்தால் அது அவரைத் தாண்டி வேறொருவருக்குப் போய்விடக் கூடாது. போனால் யார் மூலம் போனது என்று தெரிய வேண்டும். அதற்காக அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பிரதி எடுக்கும்போது பாட்டின் நடுவே தன் குரலில் ஒரு ‘பலே’ சேர்த்துவிடுவார். எனக்குக் கொடுத்த பிரதியில் ஆலாபனை முடிகிற இடத்தில் பலே. மேனேஜருக்குக் கொடுத்ததில் இரண்டாவது அடியில் பலே. கேட்கிறவர்களுக்குச் சபையில் யாரோ ரசித்துச் சொன்ன மாதிரி இருக்கும். பலே வந்த இடத்தை வைத்து முதலாளி திருடனைப் பிடித்துவிடுவார். இதை எனக்குச் சொன்னது அவர் மனைவிதான், சமையலறை வாசலில் காப்பித் தட்டை நீட்டிக்கொண்டே. ‘குளிக்கிற ரூமுக்குள்ள மைக்க எடுத்துட்டுப் போயி கதவச் சாத்திக்கிட்டு பலே பலேன்னு கத்துதாக டீச்சர். வெளியில கேட்டா மண்டபத்துல சொன்ன மாதிரி இருக்கணுமாம். மொத நாளு நான் வயித்து வலின்னுல்ல நெனச்சேன், ஓமத் தண்ணி கொண்டுட்டு ஓடுனேன்.’

இதன் உச்சம் என்னவென்றால், வட்டத்தின் வாட்ஸப் குழுவில் மேனேஜர் ஒருநாள் நீளமாக ஒரு ரசனைக் கட்டுரை போட்டார். அந்தக் காலத்துச் சபை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சான்று, பாட்டு இரண்டாவது அடிக்கு வந்ததும் பெயர் தெரியாத ஒரு பெரியவர் தன்னை மறந்து பலே என்கிறார் பாருங்கள், அந்த ஒரு சொல்லில் ஒரு தலைமுறையின் ஞானமே இருக்கிறது, இப்போதைய ரசிகர்களுக்கு அப்படி ஒரு பலே சொல்ல வருமா என்று. எல்லோரும் கைகூப்புகிற படத்தைப் போட்டுத் தள்ளினார்கள். முதலாளியும் ஒரு கைகூப்பு போட்டார். அடக்கமாக.

இந்தக் கூட்டத்துக்குத்தான் வத்திராயிருப்பிலிருந்து அந்த எஸ்.ஐ. அம்மா வந்தார். முதல் தடவை வந்தபோது போலீஸ் என்று சொல்லிக்கொள்ளவில்லை. தன் அம்மா முன்பு பாடிக்கொண்டிருந்தவர் என்றார். கல்யாண வீடுகளிலும் கோவில்களிலும் பாடுவாராம். சித்தி கூடவே போய்த் தம்புரா போடுவாராம். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ராஜபாளையத்தில் ஒரு கல்யாணத்தில் பாடியதுதான் கடைசிக் கச்சேரி. அடுத்த மழைக்காலத்துக்குள் காய்ச்சலில் இறந்துபோனார். பிள்ளையைச் சித்தி எடுத்து வளர்த்தார். அம்மாவுக்கு ஒரு புகைப்படம் இருக்கிறது. குரல் இல்லை. அந்தக் கல்யாணத்தில் முதலாளி டேப் ரெக்கார்டர் வைத்திருந்ததைச் சித்தி பார்த்திருக்கிறார்.

‘எனக்குப் பாட்டெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்கய்யா. அன்னிக்கு ரெண்டு பாட்டுக்கு நடுவுல நான் அழுதிருக்கேன். எங்கம்மா பாட்ட நிறுத்திட்டு எங்கிட்ட என்னமோ பேசுனாகளாம். சித்திக்கு அது என்னன்னு நெனப்பில்ல, இப்ப அவியளுக்கு எல்லாமே மறந்துபோச்சு. அந்த டேப்புல அது இருக்கும்ல? அத ஒருக்கா கேட்டுட்டுப் போயிருதேன். அம்புட்டுத்தான்.’

அவர் கேட்டது அதுதான். கச்சேரி வேண்டாம், பிரதி வேண்டாம், அம்மா தன்னிடம் பேசிய ஒரு வரி. அவர் பேசி முடித்ததும் முதலாளி கேட்டது என்ன தெரியுமா? ‘உங்கம்மா அன்னிக்கு மெயினா பாடுனது என்ன ராகம்னு தெரியுமா?’ தெரியாது என்றார். வட்டத்தில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடியது. பாடகியின் மகளுக்கே தெரியவில்லையே என்கிற சிரிப்பு. அம்மா பாடித் தான் ஒருநாளும் கேட்டதில்லை என்று அவர் அதற்கு முந்தைய நிமிடம்தான் சொல்லி முடித்திருந்தார். தேடிப் பார்க்கிறேன், அடுத்த வாரம் வாருங்கள் என்றார் முதலாளி. அந்த அறையில் எந்த வரிசையில் எது இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுத்துத் தருகிற மனிதர், தேடிப் பார்க்கிறாராம். அடுத்த வாரம் தலைவலி. அதற்கடுத்த வாரம் மேனேஜர் நயமாகச் சொன்னார், இந்த வட்டத்தில் கொடுத்து வாங்குவதுதான் மரபு, உங்களிடம் ஏதாவது பழைய பதிவு இருந்தால் கொண்டுவாருங்கள் என்று. அம்மா குரல் தன்னிடம் இல்லை என்று வந்து நிற்பவரிடம் பதிலுக்கு ஒரு பதிவு கேட்ட வாயை என்ன சொல்வது. நான் அன்று வாயைத் திறந்து, இதென்ன கொடுமை, போட்டுக் காட்டுங்கள் என்று சத்தம் போட்டேன். ‘டீச்சர், இது வகுப்பறை இல்ல’ என்றார் முதலாளி.

புரட்டாசியில் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டியிருக்கிற திருவண்ணாமலையில், மலைமேல் இருக்கிற பெருமாள் கோவிலில், சனிக்கிழமைகளில் கூட்டம் நெரியும். அந்தப் பந்தோபஸ்து முடிந்து, வீட்டுக்குப் போகாமல், அந்த அம்மா நேராக ராஜபாளையத்துக்கு வந்த ஞாயிறுதான் நான் முதலில் சொன்னது. பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கூடத்தில் எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். சித்திக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை, அதுதான் உடுப்பு மாற்றக்கூட நேரமில்லாமல் வந்தேன் என்றார். அவர் யாரையும் மிரட்டவில்லை. குரல்கூட உயரவில்லை. ஆனால் அத்தனை வாரமாகக் கிடைக்காத ஒலிப்பதிவு காக்கியைக் கண்டதும் கிடைத்துவிட்டது. முதலாளி தானே எழுந்து கம்ப்யூட்டர் முன்னால் போனார். ‘மேடம் நீங்கன்னு தெரியாமப் போச்சே, மொதல்லயே சொல்லிருக்கலாம்ல’ என்றார். மேனேஜர் தன் நாற்காலியை விட்டு எழுந்து, மேலே உட்காருங்கள் மேடம் என்று நீட்டினார். கேசட் ஓடிய காலத்திலிருந்து எனக்கு எழாத மனிதர்.

இறந்துபோன அம்மாவின் குரல் கூடத்தில் வந்தது. கனமான, கொஞ்சம் கரகரத்த, அவசரமே இல்லாத குரல். நான் அதைக் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது. மகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டார். ரசித்தார் என்று சொல்ல மாட்டேன். ஸ்டேஷனில் ஒரு வாக்குமூலத்தைக் கேட்பது போல ஒரு சொல்லும் தப்பாமல் கேட்டார். முதல் பாட்டு முடிந்தது. உடனே அடுத்த பாட்டு தொடங்கியது. அவர் நிமிர்ந்தார். அந்தப் பாட்டும் முடிந்தது, மூச்சுவிட இடமில்லாமல் அடுத்தது வந்தது. தன்னிடம் வைத்துக்கொண்டதிலும் சேர்த்திருந்தார் போலிருக்கிறது, ஒரு பலேயும் வந்தது, மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு ஆமோதித்தார். கடைசிப் பாட்டு முடிந்து கம்ப்யூட்டர் நின்றது.

‘பாட்டு சரிங்கய்யா. பேசுதது எங்க?’

முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன் திறமையைக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டார். ‘அதெல்லாம் சுத்தம் பண்ணிட்டேன் மேடம். கம்ப்யூட்டர்ல ஏத்தும்போதே ஒவ்வொண்ணா உக்காந்து எடுத்தேன். இருமல், சுருதி சேக்கிறது, பந்தியில பாத்திரம் உருட்டுறது, பேச்சு, நடுவுல ஒரு பிள்ளை வீல்வீல்னு அழுகை, எல்லாம் கழிச்சாச்சு. இப்ப எப்படிக் கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க.’

‘அழுதது நாந்தாங்கய்யா’ என்றார் அவர்.

அதன் பிறகு பழைய கேசட்டைக் கேட்டார். கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு கேசட்டுகளைக் கம்பெனியின் கழிவுப் பஞ்சோடு போட்டு எரித்துவிட்டதாக முதலாளி சொன்னார். பூஞ்சை பிடித்திருந்ததாம். வட்டத்தில் எல்லோருக்கும் நிஜக் காரணம் தெரியும்: மூலம் என்று ஒன்று வெளியில் இருந்தால், தன்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று என்று சொல்லிக்கொள்ள முடியாது. மண்டபத்தில் உண்மையாகக் கேட்டதை எல்லாம் அழுக்கென்று வெட்டிப் போட்டுவிட்டு, தான் குளியலறையில் கத்தியதைச் சபையின் ரசனை என்று சேர்த்து வைத்திருந்தார் அந்த மனிதர். அதற்குப் பெயர் பாதுகாப்பது. மேனேஜர் ஆறுதல் சொல்ல வந்தார். ‘ஆனா அந்தக் கல்யாணி ராகம் முழுசா இருக்கே மேடம். அது ஒண்ணு போதுமே. என்னா பிடிப்பு!’

எஸ்.ஐ. அம்மா எழுந்து நின்றார். அழவில்லை. அவருக்கு வேறொன்று தோன்றிவிட்டது. ‘கேசட்டா இருந்தப்ப இத நீங்க எல்லாரும் கேட்டிருக்கீகள்ல?’ என்றார். கேட்டிருக்கிறோம் என்று தலையாட்டினார்கள். ‘அப்ப எங்கம்மா என்ன சொன்னாக?’ ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, மரியாதையாக, ஒரே கேள்வியைக் கேட்டார். ஒருவருக்கு அன்றைய வயலின்காரர் எந்த இடத்தில் தடுமாறினார் என்பது நினைவிருந்தது. மேனேஜருக்குச் சுரம் பாடியபோது வந்த கணக்கு நினைவிருந்தது. தொடையில் தட்டிக்காட்டவே தொடங்கிவிட்டார். முதலாளிக்கு மைக்கை எந்தத் தூணோரம் வைத்தார் என்பது நினைவிருந்தது. அத்தனை கூரான காதுகள். தலைமுறையின் ஞானம் வழிகிற காதுகள். ஒரு தாய் பிள்ளையிடம் பேசியதை அவற்றில் ஒன்றுகூட உள்ளே விட்டிருக்கவில்லை.

கடைசியாக என்னிடம் வந்தார். எனக்கு நினைவிருந்தது. டேப் இருக்கும்போது என் வாயால் எதற்கு, அம்மாவின் குரலிலேயே கேட்கட்டும் என்றுதான் அதுவரை சொல்லாமல் இருந்தேன். இதில் என் பெருமை ஒன்றும் இல்லை. கேசட்டில் அந்த இடம் வரும்போது மட்டும் கூடத்தில் யாரும் தலையாட்ட மாட்டார்கள், விரல் உயர்த்த மாட்டார்கள், பக்கத்தில் இருப்பவரிடம் விளக்கம் சொல்ல மாட்டார்கள். எல்லோரும் காப்பியை எடுத்துக்கொள்கிற நேரம் அது. அதனால் அந்த இடத்தை மட்டும்தான் நான் அந்த வீட்டில் நிம்மதியாகக் கேட்டிருக்கிறேன். மேடையில் கம்பீரமாகப் பாடிக்கொண்டிருந்த அந்தக் குரல் சட்டென்று இறங்கி, வத்திராயிருப்பு வீட்டு அடுப்படியில் பேசுகிற குரலாக ஆகும். எனக்கு அது பிடிக்கும்.

‘தெரியும்மா, சொல்லுதேன்’ என்றேன். அவர் அவசரமாகப் பையிலிருந்து போனை எடுத்தார். பதிவுப் பொத்தானை அழுத்தி என் முன்னால் நீட்டினார். ‘செத்த இருங்க டீச்சர். அவிய சொன்னாப்லயே சொல்லுங்க.’ நான் பல வருடம் வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொண்டவள். என் குரலுக்கும் அந்தக் குரலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இருந்தாலும் முடிந்த மட்டும் இறக்கி, மெதுவாக, கேசட்டில் கேட்டபடியே சொன்னேன்.

‘ஏட்டி, அழாத. செத்த நேரம் இரு. இந்தப் பாட்டு முடியவும் அம்மா வந்துருதேன்.’

யாரோ செருமினார்கள். மேலே விசிறி கிரீச்சிட்டது. சமையலறையில் முதலாளியின் மனைவி மூக்கை உறிஞ்சினார். எல்லாம் அந்தப் போனில் பதிவாகியிருக்கும். முதலாளி எழுந்து கம்ப்யூட்டரைக் காட்டி, உதவி செய்கிற ஆர்வத்தோடு சொன்னார்: ‘விசிறி சத்தம் ரொம்ப விழுந்திருக்கும் மேடம். போன இங்க குடுங்க, நான் நிமிசத்துல சுத்தம் பண்ணித் தாரேன்.’

‘அதத் தொட்ராதீக’ என்றார் அவர். அந்த வீட்டில் அவர் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். பிறகு என் கையை இரண்டு கையாலும் பிடித்து அழுத்திவிட்டு வாசலுக்குப் போனார்.

அவர் போன மறு நொடியே மேனேஜர் அந்தக் கல்யாணியை முதலிலிருந்து போடச் சொன்னார். விரல் உயர்ந்தது. எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. பால்கோவா டப்பாவைக்கூட எடுத்துக்கொள்ளாமல் எழுந்துவிட்டேன். அதன் பிறகு நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை, வாட்ஸப் குழுவிலிருந்தும் விலகிவிட்டேன். பாட்டு கேட்காமல் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. ஆனால் அன்று வாசலுக்கு வந்தபோது அந்த அம்மா இன்னும் படியில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் பூட்ஸ் மாட்டியிருந்தது, இன்னொரு காலில் மாட்டவில்லை. போனைக் காதோடு ஒட்டி வைத்திருந்தார். போனுக்குள் என் கரகரத்த குரல் ‘செத்த நேரம் இரு, அம்மா வந்துருதேன்’ என்று சொல்லி முடிந்தது. நான் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது.

‘இருக்கேம்மா’ என்றார்.